ஒரு டான்ஸ் கிளப்பை யார் மூடுகிறார்கள்?

கேள்வி

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் இருந்த ஹாசியெண்டா டான்ஸ் கிளப் பற்றி எங்கே படித்தாலும் போதை மாத்திரை, துப்பாக்கி, ரவுடிகள், போலீஸ் என்றே முடிகிறது. எலக்ட்ரானிக் கிளப் எல்லாமே இப்படித்தான் எழும், இப்படித்தான் விழும் போல. கூட்டம் இருந்து, சட்டத்துக்கு உட்பட்டு நடத்தினால் ஒரு கிளப்பை மூட வேண்டிய அவசியமே வராது என்பது என் கருத்து. மறுப்பவர் உண்டா?

மார்ச் 2, இரவு

நான் மறுக்கிறேன். ஹாசியெண்டாவில் நான் கால் வைத்ததில்லை. ஆனால் ஒரு சின்ன கிளப்பில் ஆறு வருடம் இருந்தேன். முதல் இரண்டு வருடம் லைட். அப்புறம் நாலு வருடம் வார்ம்-அப், அதாவது கதவு திறந்ததும் முதல் ஒன்றரை மணி நேரம் ரெக்கார்டு போடும் வேலை. கூட்டம் வருவதையும் பார்த்தேன், போவதையும் பார்த்தேன்.

ஹாசியெண்டாவை 1982 மே 21 அன்று திறந்தார்கள். விட்வொர்த் ஸ்ட்ரீட் வெஸ்ட்டில், முன்பு படகு விற்கும் ஷோரூமாக இருந்த கட்டடம். பணம் போட்டது ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் என்ற ரெக்கார்டு கம்பெனியும் நியூ ஆர்டர் இசைக்குழுவும். பென் கெல்லி வடிவமைத்தார். ஆடுகிற தளத்தை ஒட்டி இரும்புத் தூண்கள், அவற்றில் தொழிற்சாலையில் எச்சரிக்கைக்கு அடிக்கிற மஞ்சள்-கறுப்புப் பட்டை. ரெக்கார்டுகளுக்குக் கொடுப்பது போல அந்தக் கட்டடத்துக்கே ஒரு வரிசை எண் கொடுத்தார்கள்: ஃபேக் 51. அவ்வளவு ஆசை ஆசையாகக் கட்டிய இடத்தில் முதல் சில வருடங்கள் பல இரவுகளில் ஈ ஓட்டினார்கள். 1984 ஜனவரியில் மடோனா வந்து பாடினார். அப்போதும் நிலைமை பெரிதாக மாறவில்லை.

மாற்றியது சிகாகோவிலிருந்து வந்த ஹவுஸ் ரெக்கார்டுகள், அதாவது மெஷின் தாளத்தில் ஆட வைக்கிற எலக்ட்ரானிக் இசை. 'நியூட்' என்று பெயர் வைத்த வெள்ளிக்கிழமை இரவுகளில் டிஜே மைக் பிக்கரிங் அவற்றைப் போட்டார். 1988இல் இடம் நிரம்பி வழிந்தது. கூடவே எக்ஸ்டசி என்ற போதை மாத்திரையும் வந்தது. அது போட்டவன் பீர் குடிக்க மாட்டான், தண்ணீர்தான் கேட்பான். கிளப்போ பாரை நம்பி நடந்தது. ஆக, வாசலில் வரிசை நீண்ட அதே வருடங்களில் கல்லாவில் ஒன்றும் விழவில்லை. துப்பாக்கி வந்ததும் கிளப் மூடியது. ஆனால் அது ஏற்கெனவே ஓட்டைப் பானை.

மார்ச் 2, இன்னும் கொஞ்சம் பின்னிரவு

மேலே "துப்பாக்கி வந்ததும் மூடியது" என்று எழுதிவிட்டேன். தவறு. 1991 ஜனவரியில் வன்முறை பயத்தில் அவர்களே மூடினார்கள், மே மாதம் மறுபடி திறந்தார்கள். 1992 நவம்பரில் ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் திவாலானது. கிளப் அதற்குப் பிறகும் ஓடியது. கடைசி இரவு 1997 ஜூனில். ஆறு வருடம் இழுத்துக்கொண்டு கிடந்திருக்கிறது. அதை ஒரே வரியில் முடித்தது சரியில்லை.

மார்ச் 5

"உங்கள் கிளப் எப்படி எழுந்தது, அதைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

தரைக்கு அடியில் ஒரு ஹால். தலைக்கு மேல் கை நீட்டினால் குழாய் தட்டும். முந்நூறு பேர் நெருக்கியடித்து நிற்கலாம். முதல் சனிக்கிழமை வந்தவர்கள் பதினெட்டுப் பேர். அதில் ஏழு பேர் எங்கள் ஆட்கள். எங்களுக்கு ரெசிடென்ட் டிஜே ஒருவர் இருந்தார், வாராவாரம் அவர்தான். நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அந்தப் பதினெட்டுப் பேருக்கும் அவர் முந்நூறு பேருக்குப் போடுவது போலவே ஐந்து மணி நேரம் போட்டார். மூன்றாவது வாரம் நாற்பது பேர். எட்டாவது வாரம் படிக்கட்டில் வரிசை.

முதல் மாதத்தில் எங்களைப் படாதபாடு படுத்தியது ரெக்கார்டு சுழலும் டர்ன்டேபிள். பேஸ் ஒலி தரை வழியாக ஏறி, மேசை வழியாக ஊசிக்குப் போய், ஊசி அதையே மறுபடி ஸ்பீக்கருக்கு அனுப்பி, ஹால் முழுக்க ஒரு ஊளை கிளம்பும். மேசையை மாற்றினோம், கீழே ரப்பர் விரித்தோம், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அண்ணன் நடைபாதைக்குப் போடுகிற கான்கிரீட் பலகை ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார். டென்னிஸ் பந்துகளை இரண்டாக வெட்டி மேசையில் கவிழ்த்து, அதன்மேல் பலகை, பலகையின்மேல் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் இரண்டு. ஊளை நின்றது. பந்தை வெட்டும்போது கத்தி வழுக்கி என் கட்டைவிரலில் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

அந்த டர்ன்டேபிளில் ரெக்கார்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் குமிழ் மேலும் கீழும் எட்டு சதவீதம் போகும். அவ்வளவுதான் இடம். அதற்குள் இரண்டு ரெக்கார்டின் கிக் டிரம்மும், அதாவது தும் தும் என்கிற அடித்தாளமும், ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். நான் கற்றுக்கொள்ள ஒன்பது மாதம் ஆனது. கைவிரல் நுனியால் தட்டை லேசாகத் தடுப்பது, நடுத் தண்டைத் திருகித் தள்ளிவிடுவது, இதெல்லாம் சொல்லி வராது.

இன்னொன்று. காலி ஹால் ஒரு மாதிரி ஒலிக்கும், ஆள் நிரம்பினால் வேறு மாதிரி. மனித உடம்பும் துணியும் மேல்ஸ்தாயி ஒலியைக் குடித்துவிடும். எட்டு மணிக்குக் காதைக் குத்திய தாளம் பன்னிரண்டு மணிக்குப் பஞ்சு மாதிரி ஆகிவிடும். அண்ணன் அரை மணிக்கொரு தடவை டிஜே நிற்கும் பூத்தை விட்டு இறங்கிக் கூட்டத்தின் நடுவே போய் நின்று கேட்பார். திரும்பி வந்து மிக்ஸரில் ஒரு குமிழை மயிரிழை திருப்புவார். கிளப் எழுந்தது இப்படித்தான். விளம்பரம் என்று எதுவும் செய்யவில்லை.

மார்ச் 9

முதல் குறிப்பில் பாரைக் காரணம் காட்டினேன். நாலு நாளாக அது உறுத்துகிறது. நியூயார்க்கின் பாரடைஸ் கராஜ் கிளப் என் வாதத்துக்கு நேர் எதிராக நிற்கிறதே.

84, கிங் ஸ்ட்ரீட். 1977 முதல் 1987 வரை. மது விற்கும் உரிமமே கிடையாது. உறுப்பினர் அட்டை, நுழைவுக் கட்டணம், அவ்வளவுதான் வருமானம். குடிக்க இடம் இல்லாததால் வந்தவர்கள் ஆட மட்டுமே வந்தார்கள், விடிந்து வெகுநேரம் வரை ஆடினார்கள். லாரி லெவன் என்ற ஒரே ரெசிடென்ட். ஒலி அமைப்பு ரிச்சர்ட் லாங் செய்தது. மேலே தொங்கும் கண்ணாடி உருண்டையில் தூசி தெரிந்தால் லெவன் இரவின் நடுவே பாட்டை நிறுத்திவிட்டு ஏணி போட்டு ஏறித் துடைப்பார் என்று அங்கே ஆடியவர்கள் சொல்வார்கள். அந்த இடம் மூடியது குத்தகை முடிந்ததால். கூட்டம் குறையவில்லை, கடனில் மூழ்கவில்லை.

ஆக, பார் இல்லாமலே பத்து வருடம் ஓட்ட முடியும். ஹாசியெண்டாவின் கோளாறு தண்ணீர் குடிக்கும் கூட்டத்தை வைத்துக்கொண்டு பீர் விற்கும் கணக்கைப் போட்டது. கேள்வி கேட்டவருக்கு: உங்கள் "சட்டத்துக்கு உட்பட்டு, கூட்டம் இருந்தால்" என்ற இரண்டு நிபந்தனையும் கராஜுக்குப் பொருந்தும். இருந்தும் மூடியது. நில உரிமையாளரை நீங்களும் மறந்தீர்கள், நானும் மறந்தேன்.

மார்ச் 10

"ஹவுஸ் என்ற பெயர் எங்கிருந்து?" சிகாகோவில் தெற்கு ஜெஃபர்சன் ஸ்ட்ரீட்டில் 1977இல் திறந்த வேர்ஹவுஸ் கிளப்பிலிருந்து என்பதுதான் பரவலாகச் சொல்லப்படுவது. ஃபிராங்கி நக்கிள்ஸ் அங்கே ரெசிடென்ட். கறுப்பின, தற்பால் விருப்ப இளைஞர்கள் வெளியே முகச்சுளிப்பு இல்லாமல் ஆடிய இடம். அவர் 1982இல் விலகி அடுத்த வருடம் பவர் பிளான்ட் என்ற சொந்த கிளப் தொடங்கினார். பழைய வேர்ஹவுஸ் கட்டடத்தை 2023இல் சிகாகோ நகரம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது.

இதோடு ஒரு விஷயம் சேர்க்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம். தாளத்தை மின்சாரத்தில் எழுப்பும் ரோலண்ட் டிஆர்-909 டிரம் மெஷின் 1983இல் வந்து, விலைபோகாமல், இரண்டே வருடத்தில் நிறுத்தப்பட்டது. நிஜ டிரம் போல ஒலிக்கவில்லை என்று இசைக்காரர்கள் ஒதுக்கிவிட்டார்கள். பழைய சாமான் விலைக்கு வந்ததால்தான் அது சிகாகோ, டெட்ராய்ட் பையன்கள் கைக்குப் போனது. யாரும் வேண்டாத பெட்டி, யாரும் வேண்டாத கட்டடம், வெளியே யாரும் சேர்த்துக்கொள்ளாத கூட்டம். மூன்றும் ஓர் இடத்தில் சேர்ந்ததில் பிறந்த இசை இது.

மார்ச் 16

எங்கள் கிளப் எப்படி விழுந்தது என்று எழுத ஆரம்பித்து மூன்று தடவை அழித்துவிட்டேன். இன்றைக்கு அழிக்காமல் எழுதுகிறேன்.

மூன்றாவது வருடம் நிர்வாகம் வெளியிலிருந்து பெரிய டிஜேக்களைக் கூப்பிட்டது. முதலில் மாதம் ஒருவர். ஹால் பிதுங்கியது. எல்லோருக்கும் மகிழ்ச்சி, எனக்கும்தான். அவர்கள் கையைப் பார்க்கவே நான் பூத்துக்குப் பின்னால் குந்தியிருப்பேன். ஆனால் பெரிய பெயருக்குச் சம்பளம் முன்பணமாகப் போக வேண்டும், கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும். விமானம், அறை, சாப்பாடு தனி. நுழைவுக் கட்டணத்தில் அது கட்டுப்படி ஆகாது. அப்போது வந்தது மேசை.

மேசை என்றால் முன்பதிவு செய்து, முழுப் பாட்டில் வாங்கி, நண்பர்களோடு உட்காருகிற இடம். ஒரு மேசையில் வருவது நாற்பது பேரின் நுழைவுக் கட்டணத்துக்குச் சமம் என்று கணக்கு காட்டினார்கள். கணக்கில் பிழை இல்லை. சுவரோரம் இரண்டு மேசை போட்டார்கள். ஆடுபவர்கள் இடிக்காமல் இருக்கத் தரையில் வெள்ளை டேப்பால் ஒரு கோடு. அடுத்த மாதம் நாலு மேசை. பழைய டேப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு ஓர் எட்டு உள்ளே தள்ளி ஒட்டினார்கள். டேப்பின் பசை தரையில் அழியாமல் கறுத்துக் கிடக்கும், அதனால் ஒவ்வொரு கோடும் எங்கே இருந்தது என்று கதவு திறப்பதற்கு முந்தைய வெளிச்சத்தில் தெரியும். பூத்திலிருந்து முதல் கோட்டுக்கு என் காலால் பதினோரு எட்டு. கடைசிக் கோட்டுக்கு ஆறு.

ஆறு எட்டில் முந்நூறு பேர் ஆட முடியாது. நூறு பேர் ஆடலாம். அவர்களுக்கும் முதுகுக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற கூச்சம். எங்கள் பழைய ஆட்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. "அடுத்த வாரம் வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ஈரமான சட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஸ்பீக்கர் முன்னாலேயே ஐந்து மணி நேரமும் நிற்கும் ஒரு பெண் இருந்தாள். அவள் வராத முதல் சனிக்கிழமை அண்ணன் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

வார்ம்-அப் நேரமும் சுருங்கியது. நான் 112இல் ஆரம்பித்து ஒன்றரை மணி நேரத்தில் 122க்கு ஏற்றுவேன். நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற கணக்கு அது. ஒரு ரெக்கார்டுக்கு ஓர் அடி கூட்டினால் யாருக்கும் தெரியாது, ஆனால் கால் தானாக வேகமெடுக்கும். மேசைக்காரர்கள் வந்து உட்கார்ந்ததுமே தெரிந்த பாட்டு கேட்டார்கள். எனக்கு நாற்பது நிமிடம் ஆனது, அப்புறம் இருபது. இருபது நிமிடத்தில் எதையும் ஏற்ற முடியாது.

மார்ச் 17

மேசையில் உட்காருபவர்களும் இசைப் பிரியர்களாக இருக்கலாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம்தான். நேற்று கோபத்தில் எழுதினேன்.

ஒரு பெரியவர், அறுபது வயது இருக்கும், தனியாக ஒரு மேசை எடுத்து மாதம் ஒரு முறை வருவார். முட்டி வலி, நிற்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு கடைசி ரெக்கார்டு வரை கேட்பார். மூடும் நேரத்தில் பூத்துக்கு வந்து, இரண்டாம் மணி நேரத்தில் ஹை-ஹாட் தட்டு கொஞ்சம் பின்தங்கி விழுந்த அந்தப் பாட்டு எது என்று கேட்டார். அந்த இரவில் அதைக் கவனித்தவர் அவர் ஒருவர்தான். அவருக்கு உட்கார இடம் வேண்டாமா? வேண்டும். நான் எதிர்ப்பது மேசை தளத்துக்குள் நடந்து வந்ததை.

மார்ச் 24

ஒலிக்கட்டுப்பாடு பற்றிக் கேட்டவருக்கு.

எங்கள் ஹாலை ஒட்டிய பக்கத்துக் கட்டடம் வெகுகாலம் குடோனாக இருந்தது. நாலாவது வருடம் அதை இடித்து வீடுகள் கட்டினார்கள். குடிவந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கைக்குழந்தை வைத்திருக்கிற வீட்டில் இரவு இரண்டு மணிக்குச் சுவர் அதிர்ந்தால் யாராக இருந்தாலும் புகார் கொடுப்பார்கள். அந்தக் குழந்தையின் அப்பா ஒரு நாள் இறங்கி வந்து, கத்தாமல், வந்து கேட்டுப் பாருங்கள் என்று எங்களைக் கூட்டிப்போனார். போய்க் கேட்டோம். பாட்டு கேட்கவில்லை. வெறும் கிக் மட்டும், யாரோ பக்கத்து அறையில் மெத்தையை அடிப்பது மாதிரி, நிற்காமல்.

காரணம் எளிது. கிக் டிரம்மின் அடி ஒலி 50 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். அந்த அலையின் நீளம் ஏறத்தாழ ஏழு மீட்டர். மேல்ஸ்தாயியைத் திரையும் பஞ்சும் தடுக்கும், இதைத் தடுக்காது. கனமான சுவர் வேண்டும், அல்லது அறைக்குள் அறையைத் தனியாக மிதக்க விட வேண்டும். அதற்கான காசு மேசையில் வந்த காசில் இருந்தது. அதைச் செய்யாமல் ஒலி அளவு மீறினால் வெட்டுகிற லிமிட்டரை மாட்டினார்கள். கூரையில் ஒரு மைக், சுவரில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு. சிவப்பு சில விநாடி தொடர்ந்து எரிந்தால் ஸ்பீக்கரை இயக்கும் ஆம்ப்புக்குப் போகும் மின்சாரமே துண்டிக்கப்படும்.

கூட்டம் கைதட்டினாலே சிவப்பு எரியும். ஒரு சனிக்கிழமை மூன்று முறை அறுந்தது. மூன்றாவது முறை மின்சாரம் திரும்ப நேரமானது. இருட்டு, மௌனம். அப்போது ஸ்பீக்கர் பக்கத்தில் யாரோ காலால் தரையை மிதித்துத் தாளத்தைத் தொடர்ந்தார். இன்னொருவர் சேர்ந்தார். பிறகு எல்லோரும். கரண்ட் வந்தபோது அண்ணன் அவர்கள் மிதிக்கிற வேகத்துக்கே அடுத்த ரெக்கார்டை இழுத்துச் சேர்த்தார். எனக்கு இப்போது எழுதும்போதும் சிலிர்க்கிறது.

இதற்கு உலகில் வழி பிறந்திருக்கிறது. யார் பிறகு வருகிறாரோ அவரே ஒலித்தடுப்புச் செலவை ஏற்க வேண்டும் என்ற விதியை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014இல் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் திட்டமிடல் கொள்கையில் 2018இல் அது சேர்ந்தது. பழைய கிளப் பக்கத்தில் வீடு கட்டினால் கட்டுபவர்தான் சுவரைக் கனமாக்க வேண்டும். அந்தக் குழந்தையும் தூங்கியிருக்கும், நாங்களும் ஆடியிருப்போம்.

ஏப்ரல் 3

"போதையை நீங்கள் மழுப்புகிறீர்கள்" என்று கேள்வி கேட்டவரே மறுபடி எழுதியிருக்கிறார். மழுப்பியது உண்மை. 1989இல் ஹாசியெண்டாவில் எக்ஸ்டசி எடுத்த பதினாறு வயதுப் பெண் இறந்தாள். எந்த இசையைச் சொல்லியும் அதைச் சின்னதாக்க முடியாது. லண்டன் ஃபேப்ரிக் கிளப்பில் 2016இல் பதினெட்டு வயதுப் பையன்கள் இருவர் இறந்தபின் உரிமம் பறிக்கப்பட்டது. கடுமையான புது நிபந்தனைகளோடு 2017 ஜனவரியில் மறுபடி திறந்தார்கள். அந்தப் பையன்களின் வீடுகளில் எதுவும் மறுபடி திறக்கவில்லை.

எங்கள் கதையில் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

ஐந்தாவது வருடம், வெயில் காலம். ஏசி பாதி வேலை செய்தது. கூரைக் குழாயில் வியர்வை ஆவி குளிர்ந்து சொட்டும், அவ்வளவு புழுக்கம். ஒரு பையன் தளத்தின் நடுவில் சரிந்தான். தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினோம், முகத்தில் தண்ணீர் அடிக்க. குழாயைத் திறந்தேன். வரவில்லை. அடுத்தது, அதுவும் வரவில்லை. மூன்றிலும் காற்றுதான். கீழே குனிந்து பார்த்தால் வால்வை மூடிக் கம்பி போட்டுக் கட்டியிருந்தது. பாரில் தண்ணீர் பாட்டில் விற்பதற்காக. பாரிலிருந்து பாட்டில் வந்து சேரக் கூட்டத்தைத் தாண்டி நாலு நிமிடம் ஆனது. பையன் பிழைத்துக்கொண்டான். மருத்துவமனையில் கண் விழித்து, செருப்பு எங்கே என்றுதான் முதலில் கேட்டான்.

அந்தக் கம்பி எத்தனை வாரமாக அங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் பூத்துக்கு என் தண்ணீரை வீட்டிலிருந்து கொண்டுவருவேன், அதனால் பார்க்கவே இல்லை. இதை நினைத்து எத்தனையோ இரவு தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மது உரிமம் உள்ள இடங்கள் கேட்டவருக்குக் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2010 முதல் கட்டாய நிபந்தனை. அதை நிபந்தனையாக எழுத வேண்டி வந்ததே, அதற்கு முன்னால் எத்தனை பாத்ரூமில் எத்தனை கம்பி கட்டியிருந்தார்களோ.

ஏப்ரல் 4

மருத்துவம் படித்த ஒருவர் நேற்றைய குறிப்பில் ஓர் ஆபத்தைச் சுட்டியிருக்கிறார், நன்றி. எக்ஸ்டசி எடுத்தவர் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தாலும் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மூளை வீங்கி உயிர் போகலாம். சரிந்தவருக்குக் குடம் குடமாக ஊட்டாதீர்கள். காற்றோட்டமான இடம், உடம்பைக் குளிர்விப்பது, உடனே ஆம்புலன்ஸ். என்ன எடுத்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஏப்ரல் 20

பெர்லினைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாமே என்கிறீர்கள். அங்கே டிரெசோர் என்ற கிளப் 1991இல் ஒரு பழைய வணிக வளாகத்தின் பாதாளப் பெட்டக அறையில் திறந்தது. சுவர் முழுக்கத் துருப்பிடித்த லாக்கர்கள். நிலம் கைமாறியதும் 2005இல் மூடி, 2007இல் ஒரு பழைய மின்நிலையத்தில் மறுபடி எழுந்தது. 2021இல் ஜெர்மன் நாடாளுமன்றம் கிளப்புகளைக் கலாச்சார இடங்களாக ஏற்கத் தீர்மானம் போட்டது. 2024இல் பெர்லினின் டெக்னோ, ஹவுஸுக்கு உறவான ஆட்ட இசை, அந்நாட்டின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அதே 2024 முடிவில், இருபத்திரண்டு வருடம் ஓடிய வாட்டர்கேட் என்ற பெர்லின் கிளப் மூடியது. மரியாதை கிடைக்கும். வாடகையை மரியாதையால் கட்ட முடியாது.

ஆனால் டிரெசோர் திரும்பி எழுந்ததைப் பாருங்கள். பெயரும் ஒலியும் ஆட்களும் ஒன்றாக இருந்தால் கட்டடம் மாறினாலும் பரவாயில்லை. ஹாசியெண்டா கட்டடத்தை 2002இல் இடித்து அதே பெயரில் அடுக்குமாடி கட்டினார்கள். பெயர் இருக்கிறது, ஆட முடியாது.

எங்கள் கடைசி இரவைக் கேட்டீர்கள். அது கடைசி இரவு என்றே எங்களுக்குத் தெரியாது. திங்கட்கிழமை கதவில் வேறு பூட்டு. ஹாலில் முந்தின சனிக்கிழமை பாதிக்கு மேல் மேசை, அதில் பாதி காலி. அண்ணனின் ரெக்கார்டுப் பெட்டி ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டது, பதினேழு நாள் கழித்து மீட்டோம். சாமான்களை விற்றபோது நான் ஒரு ஆம்ப் வாங்கினேன். இன்னும் வீட்டில், துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

மே 6

அண்ணன் இதை முழுக்கப் படித்துவிட்டு நேற்று இரவு போன் செய்தார். யாரோ அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் பேசினோம்.

"எல்லாம் சரி. டேப்பை விட்டுட்டியே" என்றார்.

எந்த டேப்?

"மொதல் கோடு யார் போட்டது?"

நான்தான். எனக்கே மறந்துபோயிருந்தது. இரண்டாவது வருடம், லைட் ஸ்டாண்டைக் கூட்டம் இடித்துத் தள்ளுகிறதே என்று சுவரோரம் ஓர் எட்டு அகலத்துக்கு வெள்ளை டேப் ஒட்டி, உள்ளே யாரும் வராமல் பார்த்துக்கொண்டேன். சும்மா கிடந்த அந்த இடத்தில் எங்கள் நண்பர்கள் பையும் சட்டையும் வைக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் உட்கார ஒரு பெஞ்ச். நிர்வாகம் முதல் இரண்டு மேசையைப் போட்டது அந்தப் பெஞ்சை எடுத்துவிட்டுத்தான். புதிதாக எந்தக் கோடும் போடவில்லை, என் கோட்டை வைத்துக்கொண்டார்கள். மார்ச் 16இல் நான் எழுதிய பதினோரு எட்டு, தளத்தின் முழு அகலம் இல்லை. முழு அகலம் பன்னிரண்டு.

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. ஸ்டாண்டைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருக்கலாம், நமக்கு அப்போது தோணலை என்றார். திருத்த வேண்டியது என் கடமை, திருத்திவிட்டேன்.

இன்னொரு சேதி. எண்பது பேர் கொள்ளும் ஓர் அறை அவருக்குக் கிடைத்திருக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை. மேசை கிடையாது, முட்டி வலிக்காரர்களுக்குச் சுவரோரம் நாலு நாற்காலி. வெளியூர் டிஜே யாரும் இல்லை. கான்கிரீட் பலகை அவரிடமே இருக்கிறதாம், இத்தனை வருடம் மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்திருக்கிறார். என் ஆம்ப் வேலை செய்யுமா என்று கேட்டார். இன்று காலை துணியை எடுத்துவிட்டு மாட்டிப் பார்த்தேன். இடது பக்கம் சுத்தம், வலது பக்கம் லேசாக முனகுகிறது. பழைய கெப்பாசிட்டர், மாற்றிவிடலாம்.

முதல் ஒன்றரை மணி நேரம் எனக்கு. அவசரப்படாமல் 112இல் ஆரம்பி என்றார்.

பாத்ரூம் குழாயைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்த்தேன் என்றார்.